வாயில்லா ஜீவன்களும் வீதியின் உரிமையும்



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக அனுப்பப்பட்ட எங்கள் தலைவர் முஹம்மத் நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களை நன்முறையில் பின்பற்றிய அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்புக்குரிய நேயர்களே! கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! எதிர்காலத்தின் சொத்துக்களான இளைஞர்களே!

மார்க்க உரை என்றதும் தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றையே நாம் எதிர்பார்க்கின்றோம். இன்று மாடு ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்றால் உங்களில் சிலருக்கு அது வியப்பாக இருக்கலாம். ஆனால் ஒரு முஃமினின் வாழ்வில் பள்ளிவாசலுக்குள் ஒரு மார்க்கம், வீதியில் இன்னொரு மார்க்கம் என்று இரண்டு கிடையாது. ஸஜ்தாவில் நெற்றியை வைக்கும் அதே மனிதனே வெளியே வந்து வாகனத்தின் திறப்பைத் திருகுகின்றான். உள்ளே இருந்த இறையச்சம் வெளியேயும் இருக்கின்றதா என்பதே கேள்வி.

எமது கிழக்கு மாகாணத்தின் கரையோரக் கிராமங்களை எண்ணிப் பாருங்கள். பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை ஊடாக மட்டக்களப்பு வரை செல்லும் பிரதான வீதியின் ஒரு புறத்தில் கடல்; மறுபுறத்தில் வயல் வட்டைகள். பெரும்போக அறுவடை முடிந்ததும் பட்டிகள் வயல் வெளிகளில் இறங்குகின்றன. மீண்டும் விதைப்புத் தொடங்குமுன் அவற்றை மேய்ச்சல் தரைகளுக்கு அப்புறப்படுத்த வேண்டும். ஒரு காலத்தில் பட்டிக்காரர்கள் மாடுகளை நடத்தியே சாய்த்துச் சென்றார்கள். இன்று வீதிகள் அகன்றுவிட்டன, வாகனங்கள் பெருகிவிட்டன, மாடுகள் பெட்டியிலும், பட்டா ரக வாகனத்திலும், லொறியிலும் பயணம் செய்கின்றன. நெல் மூட்டையும் பசளையும் ஏற்றிய அதே பெட்டியில் மாட்டையும் ஏற்றுகின்றோம். இங்கேதான் தவறு தொடங்குகின்றது. ஏனெனில் நெல் மூட்டை அசைவதில்லை, அஞ்சுவதில்லை, தாகிப்பதில்லை. மாடோ இம்மூன்றையும் செய்கின்றது.

அல்குர்ஆனின் 16ஆவது அத்தியாயமான ஸூறத்துந் நஹ்லின் தொடக்கத்தில், கால்நடைகளில் எமக்குள்ள பயன்களை அல்லாஹ் நினைவூட்டுகின்றான். அவற்றில் கதகதப்பும் உணவும் உண்டு; மாலையில் அவை திரும்பி வரும்போதும் காலையில் மேயச் செல்லும்போதும் எமக்கு ஓர் அழகு உண்டு; நாம் பெரும் சிரமத்துடனேயே சென்றடையக்கூடிய ஊர்களுக்கு அவை எமது சுமைகளைச் சுமந்து செல்கின்றன என்ற கருத்து அங்கே இடம்பெறுகின்றது. எமது பாட்டன்மாரின் காலத்தில் மாடு எம்மைச் சுமந்தது, வண்டி இழுத்தது, சூடு மிதித்தது. இன்று அந்த மாட்டை நாம் சுமக்கும் காலம் வந்துள்ளது. எம்மைச் சுமந்த ஜீவனை நாம் எவ்வாறு சுமக்கின்றோம்?

நேயர்களே! மாட்டை ஏற்றிக்கொண்டு வீதிக்கு வருபவர் மூன்று அமானிதங்களைச் சுமந்து வருகின்றார். முதலாவது, ஏற்றப்பட்ட ஜீவனின் உரிமை. இரண்டாவது, வீதியில் செல்லும் மற்றையோரின் உரிமை. மூன்றாவது, அவருடைய உயிரும் அவரோடு வருபவர்களின் உயிரும். இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலில் அந்த ஜீவனின் உரிமை. இமாம் அபூதாவூத் அவர்கள் பதிவு செய்துள்ள ஒரு சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நபியவர்கள் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தினுள் நுழைந்தபோது, அங்கே நின்ற ஒட்டகம் அன்னாரைக் கண்டதும் முனகி அழுதது. நபியவர்கள் அதனைத் தடவி ஆறுதல்படுத்திவிட்டு, அதன் சொந்தக்காரர் யார் என்று விசாரித்தார்கள். அன்ஸாரிகளில் ஓர் இளைஞர் முன்வந்தார். அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்த ஜீவன் விடயத்தில் நீர் அவனை அஞ்ச வேண்டாமா, நீர் இதனைப் பட்டினி போடுவதாகவும் ஓயாது வேலை வாங்குவதாகவும் இது என்னிடம் முறையிடுகின்றதே என்ற கருத்தில் அவரைக் கண்டித்தார்கள். இளைஞர்களே! கண்டிக்கப்பட்டவர் உங்கள் வயதையொத்த ஒருவர் என்பதைக் கவனியுங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டேன், என் மாட்டை என் விருப்பப்படி கொண்டு போவேன் என்ற பேச்சுக்கு இந்த ஹதீஸில் இடமில்லை.

இந்த உரிமை ஏற்றும்போதே தொடங்கிவிடுகின்றது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. அதனால் அது பக்கவாட்டில் மிக அகலமாகப் பார்க்கின்றது. நேர் பின்னால் நடப்பது மட்டும் அதற்குத் தெரிவதில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டான இடத்துக்குள் நுழைய அது தயங்கும். தரையில் விழும் நிழலையும் பள்ளம் என்றெண்ணிப் பின்வாங்கும். இதனை அறியாதவர்கள் மாடு முரண்டு பிடிப்பதாகக் கருதி வாலை முறுக்குகின்றார்கள், தடியால் குத்துகின்றார்கள். அது முரண்டல்ல, அச்சம். வரம்பு மேட்டோடு பெட்டியை அணைத்து நிறுத்தியோ, வழுக்காத பலகையைச் சரிவாக வைத்தோ, அவசரமின்றி நடத்தி ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் தாமாகவே ஏறிவிடும்.

பெட்டியின் தளம் இரும்புத் தகடாயின் குளம்பு வழுக்கும். சாணமும் சிறுநீரும் பட்டால் அது பாசி படிந்த கல்லைப் போலாகிவிடும். எனவே மணலையும் அதன்மேல் வைக்கோலையும் பரப்புங்கள். குறுக்குச் சட்டங்கள் அடித்திருந்தால் இன்னும் நன்று. கயிற்றைக் கழுத்திலோ தலையிலோ கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றில் கட்ட வேண்டாம். வாகனம் திடீரென நிற்கும்போது அதன் முழு உடற்பாரமும் மூக்கில் இழுபட்டு அது கிழிந்துவிடும். கட்டும் முடிச்சு, ஆபத்தில் ஒரே இழுவையில் அவிழக்கூடியதாக இருக்கட்டும். கயிறு அளவுக்கு மீறி நீண்டால் மாடு பக்கத் தட்டுக்கு மேலால் பாயும். மிகக் குறுகினால் விழுந்த மாடு எழ முடியாமல் கழுத்து இறுகும். கன்றையும் ஆட்டையும் பெரிய மாடுகளுக்கிடையே விடாமல் தடுப்பு வைத்துப் பிரித்து ஏற்றுங்கள்.

நான்கு கால்களையும் கட்டி மாட்டைச் சரித்துப் போட்டுக்கொண்டு செல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அசைபோடும் பிராணியின் வயிற்றில் இடைவிடாது வாயு உற்பத்தியாகின்றது. அதனை அது ஏப்பமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் பக்கவாட்டில் கிடத்தினால் வாயு வெளியேற வழியின்றி வயிறு ஊதி நெஞ்சை நெருக்குகின்றது. மூச்சு முட்டி அது வழியிலேயே இறந்துபோகவும் கூடும்.

வெயிலும் அவ்வாறே. ஓடும் வாகனத்தில் காற்றாவது படுகின்றது. நிறுத்திய வாகனத்தில் நெருக்கமாக நிற்கும் மாடுகளின் உடற்சூடு விரைவாக ஏறுகின்றது. ஆகவே அதிகாலையிலோ வெயில் தணிந்த பின்னரோ புறப்படுங்கள். ளுஹர் தொழுகைக்காகவும் பகலுணவுக்காகவும் நிறுத்துபவர்கள், லொறியை வெட்ட வெயிலில் விட்டுவிட்டு உள்ளே செல்லாதீர்கள். ஸஹாபாக்கள் பயணத்தில் ஓரிடத்தில் இறங்கினால், ஒட்டகங்களின் முதுகிலிருந்து சுமைகளை அவிழ்க்கும் வரை தொழுகையில் ஈடுபடமாட்டார்கள் என அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு நிழல் மரத்தைத் தேடி நிறுத்துவதும், ஒரு வாளித் தண்ணீர் காட்டுவதும் உங்கள் தொழுகையின் அழகைக் குறைத்துவிடாது.

இரண்டாவதாக வீதியின் உரிமைக்கு வருவோம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதை நாம் மத்ரஸாவின் முதல் வகுப்பிலேயே படிக்கின்றோம். முள்ளை அகற்றுவது ஈமானின் கிளையென்றால், நாமே வீதியில் முள்ளாக மாறுவது எதன் கிளை? இரவில் வெளிச்சமின்றிச் செல்லும் பெட்டி அப்படிப்பட்ட முள்தான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கின்றது. எதிரே வரும் லொறியின் வெளிச்சம் கண்ணைக் கூச, முன்னால் ஒரு கறுத்த பெட்டி இருப்பதை அந்த இளைஞன் உணர்ந்து பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். அவனும் ஒரு தாயின் பிள்ளை. பெட்டியின் பின்னால் இரு ஓரங்களிலும் சிவப்பு விளக்கும், ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்புத் தகடும் இருப்பது அவனுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய ஹக்கு ஆகும். அவற்றைச் சேறும் சாணமும் மறைத்திருந்தால் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். வழியில் பழுதடைந்தால் வீதியிலேயே விட்டுச் செல்லாது ஓரத்துக்கு ஒதுக்குங்கள். இரவில் தங்குவோர் பாதையை விட்டும் விலகித் தங்க வேண்டும் என்று நபியவர்கள் பயணிகளுக்கு அறிவுறுத்தியதை இமாம் முஸ்லிம் அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

இனி பெட்டியை இணைக்கும் இடத்தைப் பாருங்கள். இழுக்கும் கொழுக்கியில் செருகப்படும் ஒரு இரும்பு ஆணியில்தான் அத்தனை உயிர்களும் தொங்குகின்றன. அந்த ஆணி தேய்ந்திருக்கக் கூடாது. அது துள்ளி வெளியேறாதிருக்க அதன் அடியில் பூட்டுக்கம்பி இருக்க வேண்டும். அந்த இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி விடுவதும் பழைய ஆணியைச் செருகுவதும் போதாது. இணைப்பு விட்டாலும் பெட்டி ஓடிவிடாதிருக்கப் பலமான சங்கிலியொன்றையும் மாட்டுங்கள். டயர்களின் காற்றையும் சக்கர ஆணிகளையும் பாருங்கள். பின் தட்டின் கொண்டிகள் இரு பக்கமும் இறுகியுள்ளனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். புறப்பட்டுச் சில கிலோமீற்றர் சென்றபின் ஓரமாக நிறுத்தி, கயிற்றையும் இணைப்பையும் மீண்டும் ஒரு தடவை பாருங்கள். மாடுகள் தம்மை நிலைப்படுத்திக்கொள்ளும்போதுதான் தளர்ந்த இடங்கள் தெரியவரும்.

மாடு நிற்கும் பாரம்; அசையும் பாரம். நாட்டு மாடு சிறிய இனம் என்றாலும் 200 கிலோகிராம் அளவுக்கு வளரக்கூடியது. அத்தகைய நான்கு மாடுகள் 800 கிலோகிராம். வளைவில் திரும்பும்போது அந்தப் பாரம் முழுவதும் வெளிப்பக்கம் சாய்கின்றது. பிரேக் பிடிக்கும்போது முன்னால் குவிகின்றது. பெட்டி பின்பாரமாக இருந்தால் கொழுக்கியை மேலே தூக்கி, வேகம் கூடும்போது பாம்பு போல் நெளியத் தொடங்கும். ஆகவே பாரமான மாடுகளைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி நிறுத்துங்கள். எல்லாவற்றையும் பின் தட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பெட்டி நெளியத் தொடங்கினால் பிரேக்கைத் திடீரென மிதிக்காமலும் சுக்கானை வெட்டித் திருப்பாமலும் வேகத்தை மெல்லக் குறைத்து நேராகவே செல்லுங்கள். வேகம் இரு மடங்கானால் நிறுத்தத் தேவையான பிரேக்கின் தூரம் நான்கு மடங்காகின்றது என்பதையும் மறவாதீர்கள். உழவு இயந்திரப் பெட்டிகள் பலவற்றுக்குத் தனியான பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் முன்னால் உள்ள இயந்திரமே தாங்கி நிறுத்த வேண்டும்.

நான்கு சக்கர உழவு இயந்திரத்தில் இடது, வலது பின்சக்கரங்களுக்கு வெவ்வேறு பிரேக் மிதிகள் உள்ளன. வயலின் மூலையில் சட்டென்று திரும்புவதற்காக அமைக்கப்பட்டவை அவை. வயலிலிருந்து வீதிக்கு ஏறுமுன் இரண்டையும் சேர்க்கும் பூட்டைப் போட்டுவிட வேண்டும். இல்லையேல் ஒரு பக்கம் மட்டும் பிடித்து இயந்திரம் வெட்டித் திரும்பும். இரு சக்கர உழவு இயந்திரத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. சமதரையில் எந்தப் பக்கத்துக் கைப்பிடி விசையை அழுத்துகின்றோமோ அந்தப் பக்கம் அது திரும்பும். வாய்க்கால் பாலத்தின் சரிவிலே இறங்கும்போது, பின்னாலிருந்து பெட்டி தள்ள, விசை துண்டிக்கப்பட்ட சக்கரமே வேகமாக உருண்டு, இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அனுபவமுள்ள விவசாயிகள் இதனை அறிவார்கள். இறங்குமுன் தாழ்ந்த கியருக்கு மாற்றி, அந்த விசையைத் தொடாது கைப்பிடியால் மெதுவாகத் திருப்புவார்கள். வாப்பாவின் இயந்திரத்தை ஆசையோடு எடுத்து ஓட்டும் பதினைந்து வயது மகன் இதனை அறியமாட்டான். பெற்றோர்களே! அவனிடம் திறப்பைக் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு மறுமையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது அமானிதம் உங்கள் சொந்த உயிர். ஹஜ்ஜுப் பெருநாளை அண்மிய நாட்களில் நாம் காணும் காட்சி என்ன? உழ்ஹிய்யாவுக்கு வாங்கிய மாட்டைப் பெட்டியில் ஏற்றி, அதனைச் சுற்றி ஏழெட்டுச் சிறுவர்கள் பக்கத் தட்டில் அமர்ந்து கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகின்றார்கள். முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஊர்வலம் போகின்றன. தலைக்கவசம் இல்லை; கையில் தொலைபேசி; படம் எடுக்கும் ஆர்வம். மிரண்ட மாடு ஒரு முறை கொம்பை வீசினால், அல்லது பெட்டி ஒரு குழியில் விழுந்தெழுந்தால், அந்தப் பெருநாள் எத்தனை வீடுகளில் மையித்து வீடாக மாறும்! மாடு நிற்கும் பெட்டியில் மனிதன் ஏறக் கூடாது. இதில் சிறுவன், பெரியவன் என்ற பாகுபாடு வேண்டாம்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். வெளிப்படையாக நொண்டும் பிராணி உழ்ஹிய்யாவுக்குத் தகுதியற்றது என்பது ஹதீஸில் வந்துள்ள தெளிவான சட்டம். வீட்டு வாசலில் நலமாக நின்ற மாடு, நாம் ஏற்றிய விதத்தினால் வழியில் கால் முறிந்து இறக்கப்பட்டால் எமது வணக்கத்தின் நிலை என்ன? ஏழு பேர் பங்கு சேர்ந்து, மாதக்கணக்கில் சேமித்த பணத்தில் வாங்கிய மாடல்லவா அது! அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறும் பிராணிக்கு ஆறுதல் அளிக்குமாறும் கட்டளையிட்ட நபியவர்கள், அல்லாஹ் எல்லா விடயங்களிலும் இஹ்ஸானை விதித்துள்ளான் என்ற அடிப்படையிலேயே அதனைச் சொன்னார்கள். கடைசி ஒரு நிமிடத்துக்குக் கத்தியைத் தீட்டிவிட்டு, அதற்கு முந்திய ஐந்து மணித்தியாலங்கள் அதனைச் சித்திரவதை செய்தால் அந்த இஹ்ஸான் எங்கே போயிற்று?

நாட்டின் சட்டமும் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. மிருகவதைத் தடுப்புக்கான கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ், மாடுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அனுமதி தேவை. மாட்டின் உரிமையைக் காட்டும் பத்திரமும் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். அனுமதிப்பத்திரம் இல்லை என்பதற்காக நடுநிசியில், விளக்கை அணைத்து, குறுக்கு வழியில், அளவுக்கு மீறி நெருக்கி ஏற்றிச் செல்வோர் ஒரு தவறை மறைக்கப் பல தவறுகளைச் செய்கின்றார்கள். மாட்டைக் கண்ணியத்தோடு நோக்கும் பௌத்த, இந்து சகோதரர்களோடு ஒரே வீதியில் வாழ்பவர்கள் நாம். எமது லொறிக்குள் கழுத்து மடங்கிக் கிடக்கும் மாட்டை அவர்கள் காணும்போது, இஸ்லாம் என்ன சொல்கின்றது என்பதை அவர்கள் நூல்களில் தேடிப் பார்க்கமாட்டார்கள். கண்டதையே இஸ்லாம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

இவ்வளவும் சொன்னபின், "எல்லாம் அல்லாஹ்வின் ஏற்பாடு, வருவது வரும்" என்று சிலர் சொல்லக்கூடும். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. அதனைக் கவனயீனத்துக்குப் போர்வையாக்குவது ஈமான் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபியவர்கள் வழிகாட்டியதை இமாம் திர்மிதி அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். தவறுதலாக ஓர் உயிர் பறிபோனாலும் நஷ்டஈட்டையும், அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவருக்கு இரண்டு மாதத் தொடர் நோன்பையும் அல்குர்ஆன் ஸூறத்துந் நிஸாவின் 92ஆவது வசனத்தில் விதிக்கின்றது. வேண்டுமென்று செய்யவில்லை என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிவதில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

எனவே அன்பின் இளைஞர்களே! பிரயாண துஆவை ஓதி வாகனத்தில் ஏறுங்கள். ஏறுமுன் ஆணியையும் சங்கிலியையும் பாருங்கள்; அதுவும் அந்த துஆவின் ஒரு பகுதியே. பெற்றோர்களே! பிள்ளைக்கு வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்குமுன் ஒரு ஜீவனின் வலியை உணரக் கற்றுக்கொடுங்கள். அனுமதிப்பத்திரம் பெறும்வரை திறப்பை உங்கள் கையில் வைத்திருங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே! உழ்ஹிய்யாப் பங்குகளைப் பதியும்போதே மாடுகள் எந்த வாகனத்தில், எந்நேரத்தில், யாருடைய பொறுப்பில் வரும் என்பதையும் எழுதி வையுங்கள்.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் அதன் பொருட்டு மன்னிக்கப்பட்டார். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் அதன் பொருட்டுத் தண்டிக்கப்பட்டாள். இவ்விரு செய்திகளும் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளன. நாளை நாம் ஏற்றிச் செல்லும் மாடு எமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்வதும், எமக்கு எதிராக முறையிடுவதும் இன்று நாம் கட்டும் கயிற்றிலும் மிதிக்கும் பிரேக்கிலும் தங்கியிருக்கின்றன.

யா அல்லாஹ்! எமது விவசாயத்திலும் கால்நடைகளிலும் பரக்கத் செய்வாயாக. எமது வீதிகளை அமைதியான வீதிகளாக ஆக்குவாயாக. வாயில்லா ஜீவன்களின் முறைப்பாட்டிலிருந்து எம்மைப் பாதுகாப்பாயாக. புறப்பட்ட ஒவ்வொருவரையும் தம் குடும்பத்தாரிடம் நலமாகக் கொண்டு சேர்ப்பாயாக. ஆமீன்.

வஆகிறு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி றப்பில் ஆலமீன்.